லூதியானாவிலிருந்து வந்த திருப்புளி

சத்தியம். ஊர் கேட்கச் சத்தம் போட்டே சொல்கிறேன், சத்தியம். வேதப்புத்தகத்தின் மேல் ஒரு கையும் எரிகிற கற்பூரத்தின் மேல் இன்னொரு கையும் வைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி, தண்டவாளத்தில் தலையை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி (வண்டி நேரம் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன்), செவல்விளை ஜங்ஷனில் நடந்தது நடந்தபடிதான் வரப்போகிறது. ஒரு எழுத்து கூட்டியிருந்தால் என் நாக்கு பல்லுக்குள் மாட்டிக்கொள்ளட்டும்.

அந்த ஜங்ஷனில் டிக்கெட் கிளார்க்காக இருந்தவர் ஞானதிரவியம். அவருடைய மனைவி சாராள். இது சாராளின் கதை. ஏனென்றால் ஞானதிரவியத்துக்குத் தனக்கு ஒரு கதை இருக்கிறது என்பதே கடைசிவரை தெரியாது.

சாராளுக்குத் தொடர்கதை படிக்கப் பிடிக்கும். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தொடர்கதையையும் அவள் முழுசாகப் படித்ததில்லை, ஏனென்றால் வாரப் பத்திரிகை வீட்டுக்குள் வந்ததும் முதலில் அது ஞானதிரவியத்தின் கைக்குப் போகும், அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 'இந்தக் கூப்பனை வெட்டி அனுப்புங்கள்' என்று புள்ளிக்கோடு போட்டிருக்கும் கட்டத்தைக் கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டி எடுத்துவிடுவார், அதன் பின்னாலிருந்த தொடர்கதையில் ஒரு ஜன்னல் திறந்துவிடும். கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பிடித்து வாயைத் திறக்கிற இடத்தில் சாராளுக்குத் தன் சமையலறைச் சுவர் தெரியும். அவன் என்ன சொன்னான் என்பதை அவளே யோசித்து நிரப்பிக்கொள்வாள். நிரப்பி நிரப்பி அந்தக் காலத்து எழுத்தாளர்களைவிட நன்றாகவே நிரப்ப வந்துவிட்டது அவளுக்கு, ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

கூப்பன்கள் போன இடம் ஹாபி கிளப்புகள். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இதை விளக்குவது கஷ்டம். பம்பாயிலும் டில்லியிலும் ஜலந்தரிலும் ஏதோ ஒரு தபால் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு முகம் தெரியாத மகாராசன்கள் சிலர், இந்த நாட்டில் எந்த மூலையில் எந்த மனுஷன் சாயங்காலம் கையைப் பிசைந்துகொண்டு சும்மா இருக்கிறான் என்று கவலைப்பட்ட காலம் அது. கூப்பனை அனுப்பினால் போதும், 'பிரியமுள்ள அங்கத்தினரே' என்று கடிதம் வரும், சட்டையில் குத்திக்கொள்ள வில்லை வரும், பிறகு வெள்ளைத் துணியில் தைத்து அரக்கு முத்திரை வைத்த பார்சல், போஸ்ட்மேனிடம் காசு கட்டி வாங்கிக்கொள்ளும் வி.பி.பி.யில் வரும். துணியைப் பிரித்தால் மரத்தூள் வாசம், மரத்தூளுக்குள் கையை விட்டால் செய்ய வேண்டிய சாமானின் உறுப்புகள், எல்லாவற்றுக்கும் அடியில், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, இலவசமாக ஒரு கருவி. சாமான் பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடலாம், அப்போதும் கருவி உங்களுக்கே. இப்படி ஒரு பெருந்தன்மை ராஜாக்கள் காலத்திலாவது இருந்ததா, நீங்களே சொல்லுங்கள்.

ஞானதிரவியம் ஒரு சாமானையும் திருப்பி அனுப்பியதில்லை. தபால்தலை கிளப் தந்த குட்டிக் குறடு, ரேடியோ கிளப் தந்த, மின்சாரத்தைத் தொட்டால் வயிற்றுக்குள் சிவப்பாகச் சிரிக்கும் டெஸ்டர், தோல்வேலை கிளப் தந்த துளைப்பான், மரவேலை கிளப் தந்த, தலைமுடி போல மெலிந்த வாள், மாயாஜாலக் கிளப் தந்த போலிக் கட்டைவிரல் என்று ரயில்வே குவார்ட்டர்ஸின் அந்தச் சின்ன வீட்டுக்குள் பாரததேசத்துப் பட்டறைகளெல்லாம் வந்து குடியேறியிருந்தன. அட்டையும் கண்ணாடியும் வைத்து அவர் செய்த பெரிஸ்கோப் சமையலறைக் கூரை வழியாக வெளியே தலையை நீட்டியிருந்தது. சாராள் அடுப்படியிலிருந்தே அதில் கண்ணை வைத்து, சிக்னல் கை இறங்குவதைப் பார்த்துச் சோற்றை வடிப்பாள். பிளேடும் பென்சில் முனையும் வைத்து அவர் செய்த ரேடியோ, துணி காயப்போடும் கம்பியில் ஈரத்துணி கிடந்தால் மட்டும் இலங்கையைப் பிடிக்கும். அதனால் அந்தக் காலனியில் காலையில் துணி துவைப்பவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே துவைத்தார்கள்.

ஆனாலும் காலனி அவரைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "டிக்கெட்டய்யாவுக்கு மறை கழண்டுபோச்சு." திருகாணியைப் பிடித்து நிறுத்துகிற மறை கழன்றால் யந்திரம் என்ன ஆகுமோ அதுதான் புத்திக்கும் ஆகும் என்பது நம் ஜனங்களின் துணிபு. தூத்துக்குடி உப்பளக் கம்பெனியில் கணக்கராக இருந்த சாராளின் தம்பி ஜெபசிங் வருகிறபோதெல்லாம், உட்கார்ந்த இடத்தில் பசை ஒட்டிய வேட்டியை உரித்துக்கொண்டே அதைச் சொல்வான். "அக்கா, நான் சொல்லுதேன்னு வருத்தப்படாத. அத்தானுக்கு மறை கழண்டு ரொம்ப நாளாச்சு."

சாராள் மறுத்ததில்லை. அவளுக்கும் ஒரு ஆசை இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, சாப்பிட உட்கார்ந்து, 'குழம்புல உப்பு கம்மி' என்று முகத்தைச் சுளிக்கிற ஒரு புருஷன் வேண்டும் என்று. ஞானதிரவியத்துக்குக் குழம்பில் உப்பு போடாவிட்டாலும் தெரியாது. குழம்பே ஊற்றாவிட்டாலும் தெரியாது.

இப்படி இருக்கையில்தான் லூதியானாவிலிருந்து ஹேப்பி ஹேண்ட்ஸ் ஹாபி கிளப்பின் முதல் பார்சல் வந்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் மூக்கை முக்கி முக்கி எழும் ஒரு மரப்பறவை செய்வதற்கான சாமான். ஒட்டுவதற்கு வஜ்ஜிரம் இருந்தது, தேய்ப்பதற்கு உப்புத்தாள் இருந்தது, ஒரு திருகாணிகூட இல்லை. ஆனால் அடியில் எண்ணெய்க் காகிதத்தில் இருந்தது ஒரு திருப்புளி. கிளிப்பச்சைப் பிடி, அதன் முனை மற்றத் திருப்புளிகள் போலப் பட்டையாக இல்லை, வேப்பம்பூ போல இதழ் இதழாக இருந்தது. ஞானதிரவியம் அதைத் தையல் மெஷினில் வைத்துப் பார்த்தார், பெட்ரோமாக்ஸில் பார்த்தார், கோயில் ஆர்மோனியத்தில் பார்த்தார், ஸ்டேஷன் கடிகாரத்தின் முதுகில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். உலகத்தில் எந்தத் திருகாணியும் அதற்குப் பொருந்தவில்லை.

மறுநாள் போஸ்ட்மேன் கசமுத்து வந்தார். கசமுத்து நல்ல மனுஷன், ஆனால் சிக்னல் கேபின்காரருக்கு வந்த கடிதத்தை ரயில்வே கேட்மேனிடம் கொடுப்பார், கொடுக்குமுன் வாசித்தும் காட்டுவார், பாதியில் வேறு யாருடைய கடிதமோ ஞாபகம் வந்து அதில் இருந்ததையும் சேர்த்துச் சொல்வார், போகும்போது சைக்கிளை மறந்துவிட்டு நடந்து போவார். அன்றைக்கு ஞானதிரவியத்தின் வாசற்படியில் உட்கார்ந்து, பைக்குள் தலையை விட்டு எதையோ தேடினார். பின்னால் நின்ற ஞானதிரவியத்தின் கண்ணில் அவருடைய பிடரி பட்டது. முடி முடிகிற இடத்தில், சட்டைக் காலருக்கு ஒரு விரல் மேலே, மச்சம் போல ஒன்று. மச்சம் இல்லை. வேப்பம்பூ இதழ் வெட்டிய ஒரு திருகாணித் தலை.

"கசமுத்து, அசையாதேயும்."

"என்னவே, பூரானா?"

"பூரான் இல்ல. சும்மா இரும்."

திருப்புளி சாவி பூட்டுக்குள் போவது போலப் போய் உட்கார்ந்தது. வலப்பக்கம் கால் சுற்று. கசமுத்து எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டார். பையிலிருந்த கடிதங்களையெல்லாம் வீட்டு எண்படி அடுக்கினார். "நேரமாச்சு, வாரேன்" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அன்று செவல்விளையில் ஒவ்வொரு கடிதமும் அதனதன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு குடும்பங்களில் சண்டை வந்தது, கடிதங்கள் சரியாகப் போனதால்.

காலனி இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்கிறீர்களா? யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. பைப்படியில் குடத்தோடு நின்ற பெண்களிடம் சாராளே அதைப் பைசல் செய்துவிட்டாள். "இதுல என்ன அதிசயம் இருக்கு? பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து மறை கழண்டுபோச்சு, மறை கழண்டுபோச்சுன்னுதானே பேசுதோம்? மறை இல்லாமலா கழலும்? பின்னால இருக்கதனால நாம பாக்கல, அவ்வளவுதான்."

"அதுவும் சரிதான் மதினி" என்றார்கள். ஒருத்தி குடத்தை இறக்கிவைத்துவிட்டு அடுத்தவளின் கொண்டையைத் தூக்கிப் பார்த்தாள். இருந்தது. எல்லோருக்கும் இருந்தது.

அதன்பிறகு எழுந்த பிரச்சினைகள் எல்லாம் நடைமுறைப் பிரச்சினைகளே. முதலில் சலூன்கடை கொம்பையா சண்டைக்கு வந்தார். "வே, கழுத்துக்குக் கீழ டாக்டருக்கு, தலைக்குள்ள வாத்தியாருக்கு. பிடரி என் எல்லை. அதுல டிக்கெட் கிளார்க்கு வந்து கைவைக்கலாமா?" நியாயம்தான் என்று எல்லோருக்கும் பட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்புளி சலூனுக்குப் போனது. 'முடிவெட்டினால் மறை முறுக்கல் இலவசம்' என்று கொம்பையா பலகை எழுதி வைத்தார். அடுத்து, உபதேசியார் பிரசங்கத்தில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். மறை என்றால் வேதம் அல்லவா, அப்படியானால் ஆண்டவர் ஒவ்வொரு மனுஷனின் பிடரியிலும் வேதத்தைத்தான் திருகி வைத்திருக்கிறாரோ, அது தளர்ந்தவன் விசுவாசம் தளர்ந்தவன்தானோ என்று அவர் கேட்டதும், பிரசங்கம் முடிந்த கையோடு சபை முழுக்கச் சலூன் வாசலில் வரிசையில் நின்றது, வரிசையின் கடைசியில் உபதேசியாரும் நின்றார். பெண்களின் பிடரியை ஆண்கள் தொடலாமா என்று மூன்றாவது கேள்வி வந்தது. கூடாது என்று முடிவானதால் புதன்கிழமை மத்தியானங்களில் அந்த வேலை சாராளிடம் வந்தது. மருமகளைக் கூட்டிக்கொண்டு மாமியார்கள் வந்தார்கள். "நல்லா இறுக்கிவிடு சாராள், எதுத்துப் பேசுதா." அடுத்த புதன்கிழமை அதே மருமகள்கள் மாமியாரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "மெதுவா யக்கா, வயசானவக. ஆனா ஒரு சுத்து கூடவே போடுங்க."

தன் மறையைச் சாராள் யாரிடமும் காட்டவில்லை. தனக்கு நேரமில்லை என்றாள்.

முதலில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. வண்டிகள் நேரத்துக்குப் போயின, பைப்படியில் வரிசை இருந்தது, கேபின்காரர் குடிப்பதை விட்டார், கேட்மேன் மனைவி கேபின்காரர் மனைவியைப் பேர் சொல்லித் திட்டுவதை விட்டாள். பிறகு ஒருநாள் ரயில்பாதைக் கூலியாட்கள் ஒரு பழைய தண்டவாளத்தைப் புரட்டப் போனார்கள். எப்போதும் அவர்கள் ஸ்டேஷன் மாஸ்டரின் மாமியார் வரை இழுத்து, காது கொடுத்துக் கேட்கமுடியாத ஒரு பாட்டைப் பாடித்தான் அதைப் புரட்டுவார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் மறை இறுகியிருந்ததால் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று மரியாதையாக எண்ணினார்கள். தண்டவாளம் அசையவில்லை. மறுபடி எண்ணினார்கள். அசையவில்லை. 'இது அசையாத தண்டவாளம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், ஒருவருக்கும் அதில் வருத்தம் இல்லை. கேட்மேன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையை ஒருத்தியும் கிண்டல் செய்யவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்று ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார்கள். கசமுத்து கடிதங்களைக் கதவிடுக்கில் சொருகிவிட்டு, வாய் திறக்காமல் போய்க்கொண்டிருந்தார்.

"கசமுத்தண்ணாச்சி, கேட்மேன் தங்கச்சி ஏதாவது எழுதியிருக்காளா?" என்று சாராள் ஒருநாள் கேட்டாள்.

"அடுத்தவங்க கடுதாசி அம்மா. நமக்கு எதுக்கு?"

சாராள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருடைய மறையைத் தானே போய் இடப்பக்கம் திருகிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள்.

எல்லோரும் ஒழுங்கானதும் ஒழுங்கில்லாத ஒருவர் பளிச்சென்று தெரிந்தார். டிக்கெட் கொடுக்கிற சதுர ஓட்டைக்குள்ளிருந்து ஞானதிரவியம், "தூத்துக்குடிக்கா? போங்க, போங்க, ஆனா ஒரு நிமிஷம் இதைப் பாருங்க" என்று உருளையான கலைடாஸ்கோப்பை நீட்டினால், முன்பெல்லாம் தலையிலடித்துக்கொண்டாவது பார்த்தவர்கள், இப்போது "டிக்கெட் மட்டும் கொடுங்க" என்றார்கள். அவர் அதற்கும் வருத்தப்படவில்லை. அந்த மரப்பறவை மூக்கை முக்குவதற்குப் பதில் மல்லாந்து விழுந்துகொண்டிருந்தது, அவருடைய கவலையெல்லாம் அதுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜெபசிங் வந்தான். அவனுக்குக் கொம்பையா இரண்டு சுற்று முறுக்கியிருந்தார். வேட்டியில் பசை ஒட்டியதைக்கூட அவன் உரிக்கவில்லை, நின்றபடியே பேசினான். பின்னால் ஸ்டேஷன் மாஸ்டர் நின்றார், அவருக்குப் பின்னால் உபதேசியார், கசமுத்து, கொம்பையா, குடத்தைக்கூட எடுக்காமல் பெண்கள்.

"அக்கா, ஊரு பூரா முறுக்கியாச்சு. முறுக்குத திருப்புளியே இந்த வீட்டுலதான் இருக்கு. அத்தானுக்கு மட்டும் முறுக்கலன்னா நாலு பேரு என்ன நெனப்பாக?"

"என்ன நெனப்பாக?"

"இத்தனை நாளும் என்ன நெனச்சாகளோ அதையேதான். இன்னைக்கு முடிவு தெரிஞ்சாகணும். ஒண்ணு அத்தான் மறையை முறுக்கு. இல்லன்னா பெட்டியக் கட்டு, எங்கூட தூத்துக்குடிக்குக் கிளம்பு."

ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அம்மா, எனக்கு அவர்மேல கோபம் ஒண்ணும் இல்லே. ஆனா ஒரு மறை கழண்டவரை டிக்கெட் கொடுக்க உட்கார வச்சிருக்கேன்னு தெரிஞ்சா மேலே கேள்வி வரும். திங்கட்கிழமை நான் எழுதியாகணும். எழுதினா வேலை போயிடும், குவார்ட்டர்ஸும் போயிடும்."

அவர்கள் சொன்னதில் பொல்லாப்பு எதுவும் இல்லை, அதுதான் சாராளுக்குப் பயமாக இருந்தது. உள்ளே போனாள். ஞானதிரவியம் தரையில் உட்கார்ந்து பறவையின் வால்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியே பேசியது அவ்வளவும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"முறுக்கிரு சாராள்" என்றார், தலையைத் தூக்காமல்.

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"நீ எத்தனை வருஷமா என்கூட கஷ்டப்படுத. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? உனக்கும் ஒரு மனுஷனாட்டம் மனுஷன் வேண்டாமா. முறுக்கு." உப்புத்தாளைக் கீழே வைத்தார். "ஒண்ணே ஒண்ணு. முறுக்கினப்புறம் எனக்கு இதுல அக்கறை இல்லாமப் போயிரும்லா. அதனால நீ பாத்துக்கோ. வால்ல கனம் ஜாஸ்தி. இன்னும் ரெண்டு தேய் தேய்ச்சா சரியாயிரும். தூர எறிஞ்சிராத."

சொல்லிவிட்டுச் சலூனில் உட்காருவது போலத் தலையைக் குனிந்தார். உண்மையில் அவர் சலூனில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முடி வெட்ட வேண்டும் என்ற நினைப்பே வராமல் பிடரியை மூடி வளர்ந்து கிடந்தது, கொம்பையாவின் நிரந்தர மனக்குறை அது.

சாராள் திருப்புளியை எடுத்தாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு அந்த ஆசை இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உப்பு கம்மி என்று சொல்கிற புருஷன் ஒரு கால் சுற்று தூரத்தில் இருந்தான். முடியை விலக்கினாள்.

அங்கே மறை இல்லை.

தளர்ந்த மறை இல்லை, கழன்று தொங்குகிற மறை இல்லை. மறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துவாரம். நேற்றுக் கழன்று விழுந்தது போலவும் இல்லை, பிறக்கும்போதே அப்படித்தான் என்பது போல விளிம்பெல்லாம் வழுவழுப்பாக இருந்தது. அதிலிருந்து மெல்ல ஒரு காற்று வந்தது, மரத்தூளும் அரக்கும் புதுத்துணியும் கலந்த வாசத்தோடு. சாராள் குனிந்து காதை வைத்துக் கேட்டாள். பிரிக்காத பார்சலைக் கையில் வைத்துக் குலுக்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு சத்தம் கேட்குமே, அந்தச் சத்தம் உள்ளே கேட்டது. அவள் கேட்கக் கேட்க அது நிற்கவில்லை. எத்தனை வருஷமாக இந்த மனுஷனுக்குள் இது இப்படிக் குலுங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, திருப்புளியைத் தரையில் வைத்தாள்.

"என்ன சாராள், வலிக்குமா?" என்றார் அவர்.

நம் பாஷையில் மறை என்ற சொல்லுக்கு ஒரு பொருள் திருகாணியோடு போகிறது, ஒரு பொருள் வேதத்தோடு போகிறது. மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு, அது ஒரு கட்டளை, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். சாராள் அந்த மூன்றாவதைத்தான் செய்தாள். முடியைப் பழையபடி இழுத்து மூடினாள், உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டாள்.

"முறுக்கியாச்சு" என்றாள்.

"அதுக்குள்ளயா? ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலயே."

"தெரியாது. முறுக்கினவங்களுக்குத் தெரியாது. கசமுத்தண்ணாச்சியக் கேளுங்க."

"அப்போ நான் இப்போ என்ன செய்யணும்?"

"முன்னால என்ன செஞ்சீங்களோ அதையே செய்ங்க. இத்தனை நாளும் புத்தியில்லாம செஞ்சீங்க. இனிமே புத்தியோட செய்யுதீங்க. அவ்வளவுதான்."

ஞானதிரவியத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பறவையின் வாலை இன்னும் இரண்டு தேய் தேய்த்தார், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் மொண்டார், இரண்டையும் தூக்கிக்கொண்டு வெளியே போய் வாசல் சுவரின் மேல் வைத்தார். காலனி முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் பிடரியைப் பார்க்க முயன்றது, முடிதான் தெரிந்தது. பறவை யோசித்தது. குனிந்தது. மூக்கைத் தண்ணீரில் முக்கியது, எழுந்தது, மறுபடி குனிந்தது.

"பாத்தியளா, எவ்வளவு நிதானமா வைக்காக!" என்றான் ஜெபசிங்.

"முன்னெல்லாம் இந்த நிதானம் அவர்கிட்ட கிடையாது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"கண்ணுலயே ஒரு தெளிவு வந்துட்டு" என்றார் உபதேசியார்.

கொம்பையா மட்டும், "என் கையால முறுக்கியிருந்தா இன்னும் தெளிவா இருந்திருக்கும்" என்றார்.

இங்கேதான் செவல்விளை மற்ற ஊர்கள் செய்யாத ஒரு தப்பைச் செய்தது, இறுகின மறைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மறை முறுக்கிய மனுஷன் செய்வது எதுவும் வீணாக இருக்காது என்பது அவர்கள் கணக்கு. ஞானதிரவியத்துக்கு முறுக்கியாகிவிட்டது. முறுக்கிய பிறகும் அவர் மரப்பறவை செய்கிறார். அப்படியென்றால் மரப்பறவை செய்வது மனுஷனாகப் பிறந்தவனின் கடமை, இத்தனை நாள் நாம்தான் அதைச் செய்யாமல் இருந்திருக்கிறோம். திங்கட்கிழமை ஸ்டேஷன் மாஸ்டர் மேலே எழுதவில்லை. லூதியானாவுக்கு எழுதினார். கூப்பன் வெட்டிய ஜன்னல் காலனியிலுள்ள எல்லாப் பத்திரிகைகளிலும் திறந்தது.

பிறகு வந்த பார்சல்களைச் சொல்லி மாளாது. மதுரை வண்டியில் செவல்விளைக்கென்று தனியாக ஒரு சாக்கு வந்தது, கசமுத்து கைவண்டி வைத்து இழுத்தார். உபதேசியாருக்கு சோப்புச் சிற்பக் கிளப், கேபின்காரருக்குப் பொம்மைக் கப்பல் கிளப், கேட்மேன் மனைவிக்கும் கேபின்காரர் மனைவிக்கும் ஒரே கண்ணாடி ஓவியக் கிளப், ஜெபசிங்குக்கு மாயாஜாலக் கிளப். எல்லோர் வீட்டிலும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி இலவசக் கருவிகள் வந்து இறங்கின. எல்லோரும் கடமை தவறாமல், முகத்தில் சிரிப்பில்லாமல், அடித்தார்கள், அறுத்தார்கள், தேய்த்தார்கள், தட்டினார்கள்.

எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான், ஓயாமல் தட்டுகிற இடத்தில் மறை தங்காது. அதிர்ந்து அதிர்ந்து, ஒருவருக்கும் தெரியாமல், செவல்விளையின் மறைகள் இடப்பக்கமாகத் திரும்பத் தொடங்கின. முதலில் கைவண்டி குலுக்கிய குலுக்கில் கசமுத்துவுக்குத்தான். ஒரு நாள் மத்தியானம் சாராளின் வாசலில் கேட்மேனுக்கு வந்த கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், அதைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பிப் பார்த்தார், பொறுக்கமாட்டாமல், "யம்மா சாராள், அவரு தங்கச்சி என்ன எழுதியிருக்கா தெரியுமா?" என்று படியில் உட்கார்ந்துவிட்டார். சாராள் அடுப்பில் சோறு பொங்கி வழிவதையும் மறந்து கேட்டாள். அந்த வாரமே கூலியாட்கள் அசையாத தண்டவாளத்தண்டை போனார்கள், கொம்பையாவின் கொழுந்தியாளையும் சேர்த்து ஒரு புது அடி கட்டிப் பாடினார்கள், தண்டவாளம் வெட்கப்பட்டுத் தானே புரண்டு படுத்தது. ஜெபசிங் கம்பெனி முதலாளியின் எதிரில் கட்டைவிரலைக் கழற்றிக் காட்டி அவரை மயக்கம்போட வைத்தான், அதற்குப் பிறகு அவன் அக்காள் வீட்டுக்கு வந்து அத்தானோடு பசைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டான்.

மறை முறுக்கச் சொல்லி அப்புறம் யாரும் வரவில்லை. திருப்புளியைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று உபதேசியார் கேட்டபோது, இலவசக் கருவியைக் கிளப் திரும்ப வாங்காது என்று சாராள் சொல்லிவிட்டாள். அதைக் கொண்டையூசியாகக் கொண்டைக்குள் செருகிக்கொண்டாள், பச்சைப் பிடி மட்டும் மருக்கொழுந்து போல வெளியே தெரியும். வருஷத்துக்கு நான்கு முறை, ஏதோ ஒரு கிளப் தந்த குட்டிக் கத்தரிக்கோலால் அவளே புருஷனுக்கு முடி வெட்டுவாள், முன்னால் மட்டும். பின்னால் கை வைக்கமாட்டாள். சில மத்தியானங்களில், அவர் பாட்டுக்கு எதையாவது ஒட்டிக்கொண்டிருக்கையில், பின்னால் போய் உட்கார்ந்து காதை வைத்துக் கேட்பாள்.

"என்ன சாராள்?"

"ஒண்ணுமில்ல. ஒட்டுங்க."

இவ்வளவுதான் விஷயம். இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், பஸ்ஸில் சொல்லுங்கள், பந்தியில் சொல்லுங்கள், உங்கள் தாத்தா சொன்னதாகவே சொல்லுங்கள், எனக்குச் சம்மதம். நான் சொன்னேன் என்று மட்டும் எவரிடமும் மூச்சுவிட்டுவிடாதீர்கள். பெரிஸ்கோப்புக்குத் தூரம் தெரியும், சாராளம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, கொண்டை இன்னும் அடர்த்தியாக இருக்கிறது, அந்தப் பச்சைப் பிடியும் அதில்தான் இருக்கிறது. எனக்குத்தான் பின்னந்தலையில் முடியெல்லாம் கொட்டிப்போய்ப் பிடரி பளபளவென்று கிடக்கிறது.